கம்பத்துப் பந்தலில் சார்டொனே ஏறுமா?

திங்கள் – லோயர் கேம்ப், கூடலூர்

குமுளி மலைப்பாதை இறங்கி முடிகிற இடம் லோயர் கேம்ப். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இங்கே மின்நிலையத்தை ஓட்டிவிட்டுத்தான் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் போகிறது. அணை 1895-ல் முடிந்தது. ஜனவரி 15 அதைக் கட்டின ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் பிறந்தநாள். மணிமண்டபத்தில் போட்ட மாலைகள் இன்னும் எடுக்கப்படவில்லை. இந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் கூடலூர் முதல் சின்னமனூர் வரை பார்க்கிற பசுமையில் பாதி கிடையாது.

நிலம் வைத்திருப்பவர்களும் வைன் பக்கம் ஆர்வம் உள்ளவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கடலோரக் குளிர்ப் பகுதிகளில் ரசாயனம் இல்லாமல் விளைகிறதே சார்டொனே, அந்த வெள்ளைத் திராட்சையை இங்கே வைத்தால் என்ன? மண் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கொடி கட்டத் தெரிந்த கை இருக்கிறது. அப்புறம் என்ன குறை?

குறை காலண்டரில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சோனோமா கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் கடலின் அந்தக் கரையோரத் தண்ணீர் கோடையிலும் 10 முதல் 13 டிகிரிதான். மாலையில் அந்தக் குளிர் பனிமூட்டமாகி மலை இடைவெளிகள் வழியே தோட்டத்துக்குள் நுழையும். காலை பத்து மணி தாண்டித்தான் விலகும். மார்ச்சில் துளிர்க்கிற சார்டொனே அங்கே செப்டம்பர், சில இடங்களில் அக்டோபர் வரை கொடியில் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு மேல். கம்பத்தில் கவாத்து வெட்டின நாளிலிருந்து 110–120 நாளில் பழம் பெட்டிக்குப் போய்விடும். இந்த வித்தியாசம் தோட்டத்தில் என்ன செய்கிறது, சாற்றில் என்ன செய்கிறது என்பதைத்தான் இந்த வாரம் ஊர் ஊராகப் பார்க்கப்போகிறோம்.

செவ்வாய் – சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி

இந்த ஊர்களின் வசதி ஒன்று: ஒரு கொடியின் முழு வளர்ச்சியையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டினால் விலை விழுந்துவிடும் என்று கவாத்தைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். ஒரு வண்டிப்பாதையின் இடப்பக்கம் மொட்டைக் கொடி, வலப்பக்கம் பூ, அடுத்த தோட்டத்தில் மிளகு அளவுப் பிஞ்சு, அதற்கடுத்ததில் பெண்கள் உட்கார்ந்து அழுகின காய்களைக் கத்தரித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் பன்னீர் திராட்சை. வகைப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல். வரிசைக்கு வரிசை 3 மீட்டர், கொடிக்குக் கொடி 2 மீட்டர் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 670 கொடி வரும்.

கவாத்துக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துகிறார்கள். முற்றின, பென்சில் பருமன் கிளையில் நான்கு கண் (துளிர் வரும் மொட்டு) விட்டு வெட்டு. மெலிந்த கிளையில் ஒன்று அல்லது இரண்டு கண். அதில் காய் எதிர்பார்க்கக் கூடாது. அடுத்த பருவத்துக்கு நல்ல கிளை எடுக்கத்தான் அந்த வெட்டு. கத்தரிக்கோலோடு நின்ற ஒரு பெரியவரிடம், "எல்லாத்தையும் ரெண்டு கண்ணுலயே வெட்டிட்டா என்னண்ணே?" என்று கேட்டதற்கு, "இலைதான் வரும், தம்பி. இலையை யாரு வாங்குவா?" என்றார். பன்னீருக்குக் காய்க்கிற கண் அடியில் இல்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

குளிர்நாட்டில் கொடியைத் தூங்கவைத்து எழுப்புவது பனிக்காலத்தின் வேலை. இலை உதிர்ந்து, மாதக்கணக்கில் குளிரில் கிடந்து, சூடு ஏறியதும் எல்லாக் கண்ணும் ஏறக்குறைய ஒன்றாக விழிக்கும். இங்கே அந்த வேலையைக் கத்தரிக்கோல் செய்கிறது, ஆனால் அரைகுறையாக. வெட்டின கிளையின் நுனிக்கண் முதலில் பாய்ந்து, கீழ்க்கண்களை அமுக்கிவிடும். அதைத் தவிர்க்க வழக்கமான தோட்டங்களில் ஹைட்ரஜன் சயனமைடு கரைசலைக் கண்களில் துணியால் தடவுகிறார்கள். அது கடுமையான விஷம். கையுறை கட்டாயம். தடவின ஆள் அந்த நாளில் மட்டுமல்ல, முந்தின நாளும் அடுத்த சில நாளும் மது தொடக்கூடாது. தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். உடம்பு சாராயத்தை உடைக்கும் வழியையே அந்த மருந்து அடைத்துவிடுகிறது.

இயற்கை முறையில் அதற்கு இடமில்லை. மிச்சமிருப்பது கைவேலைதான்: கவாத்துக்கு நான்கைந்து நாள் முன்பு இலையை உருவிவிடுவது, வெட்டின கிளையை வளைத்துக் கம்பியில் கட்டி நுனியின் ஆதிக்கத்தைக் குறைப்பது, முளைத்த துளிர்களில் கூட்டமாக நிற்பதைக் கிள்ளுவது. பன்னீர் இதற்குப் பணிந்து போகிற கொடி. சார்டொனே அப்படி இல்லை. குளிர் கிடைக்காத சார்டொனேயில் துளிர்ப்பு வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். ஒரே கொடியில் பூவும் பிஞ்சும் பழுத்த குலையும் தொங்கும். சந்தைப் பழம் என்றால் நான்கு தடவை பறித்துக்கொள்ளலாம். ஆலையில் ஒரே நாளில் பிழிய வேண்டிய பழத்துக்கு அது கதைக்கு ஆகாது.

வெட்டும் மாதமும் முக்கியம். டிசம்பர்–ஜனவரியில் வெட்டினால் பூ வறண்ட நாளில் வரும், ஏப்ரல்–மேயில் பழம். மே–ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட்–செப்டம்பரில் பழம். இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுக்கிறார்கள் என்றால், அந்த ஐந்தாவது போகம் எப்படியும் ஐப்பசி–கார்த்திகை மழையில் மாட்டிக்கொள்ளும். பூவில் மழை பட்டால் உதிர்வு, பழத்தில் பட்டால் வெடிப்பு. மருந்தடித்து ஓட்டிவிடலாம் என்ற தைரியத்தில் எடுக்கிற போகம் அது. இயற்கை முறைக்கு வருகிறவர் முதலில் விட வேண்டியது அதைத்தான். மகசூல் கணக்கில் கை கடிக்கும், வேறு வழியில்லை.

புதன் – ஆனைமலையன்பட்டி

வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான். பயணத்தில் அதிகம் எழுத இருப்பது இன்றைக்குத்தான், ஏனென்றால் இன்று நோய் பார்த்த நாள்.

பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு இலை மட்டும் வெளிச்சத்தில் வேறுமாதிரித் தெரிகிறது. மேற்புறத்தில் எண்ணெய் சொட்டினதுபோல மங்கின மஞ்சள் வட்டம், நகத்தளவு. திருப்பினால், அதே வட்டத்தின் நேர்கீழே பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். இது அடிச்சாம்பல். இலையின் மேலேயே மாவு தூவினதுபோல் இருந்து, விரலால் துடைத்தால் வந்துவிட்டால் அது சாம்பல் நோய். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு மருந்தடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடிச்சாம்பலுக்குச் செம்பு, சாம்பலுக்குக் கந்தகம். மாற்றி அடித்தால் கூலியும் மருந்தும் தண்டம்.

ஐரோப்பாவில் அடிச்சாம்பல் எப்போது கிளம்பும் என்பதற்கு மூன்று பத்து என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெப்பம் 10 டிகிரி தாண்டி, துளிர் 10 சென்டிமீட்டர் வளர்ந்து, மழை 10 மில்லிமீட்டர் பெய்தால் முதல் தாக்குதலுக்குத் தயாராகு. கம்பத்தில் முதல் நிபந்தனை வருடம் பூராவும் நிறைவேறியே இருக்கிறது. இரண்டாவது, ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும். ஆக, மழையை மட்டும் கவனித்தால் போதும். பக்கத்துத் தோட்டத்தில் நோய் இருந்தால் அடர்ந்த இரவுப் பனியே பரப்பிவிடும்.

அடிச்சாம்பலுக்கான செம்பு மருந்து, போர்டோ கலவைக்கு வருவோம். 1885-ல் பிரான்சில் மில்லர்தே வெளியிட்ட கலவை. இன்றைக்கும் இயற்கை வேளாண் விதிகள் அளவோடு அனுமதிக்கிற மருந்து. ஒரு சதக் கலவை 100 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) 1 கிலோ, நன்கு சுட்ட சுண்ணாம்புக்கல் 1 கிலோ.

முந்தின இரவே மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, 50 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிடுங்கள். அடியில் கொட்டினால் கரையாமல் கட்டியாகக் கிடக்கும். மேலே தொங்கினால் கரைந்த கனமான நீர் தானே கீழிறங்கும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ மரமாகவோ இருக்கட்டும், இரும்பு கூடவே கூடாது. காலையில் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீற்றி, ஆறவிட்டு, மீதி 50 லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். கடையில் திறந்து கிடந்த பழைய சுண்ணாம்புத் தூள் காற்றுப்பட்டுச் சத்து போயிருக்கும். அதே எடை போட்டால் போதாது. பிறகு சுண்ணாம்புப் பாலைக் கலக்கிக்கொண்டே அதன் மேல் துத்தக் கரைசலை ஊற்ற வேண்டும். தலைகீழாகச் செய்தால் கலவை திரிதிரியாகிக் குழாய் முனையை அடைக்கும்.

தேய்த்த கத்தியைக் கலவையில் ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். விளிம்பில் செம்மண் நிறம் படிந்தால் செம்பு இன்னும் கட்டுப்படவில்லை, அடித்தால் துளிர் கருகும். சுண்ணாம்புப் பால் கொஞ்சம் சேர்த்து, கத்தி வெள்ளையாகவே வெளிவரும் வரை பாருங்கள். அன்றைக்குக் கலக்கினது அன்றைக்கே தீர வேண்டும். மறுநாள் அது இலையில் ஒட்டாது.

இப்போது எல்லோரும் தாண்டிப் போகிற கணக்கு. மயில்துத்தத்தில் கால் பங்குதான் செம்பு. ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் 2 கிலோ துத்தம், அதாவது அரைக் கிலோ செம்பு. எக்டேருக்கு 1.25 கிலோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு ஏழு ஆண்டில் எக்டேருக்கு 28 கிலோ, சராசரி ஆண்டுக்கு 4. ஆக, ஆண்டுக்கு மூன்றே மூன்று தெளிப்பு! கொடி அடர்ந்த பந்தலில் 200 லிட்டர் எங்கே போதும்? 400 லிட்டர் போனால் ஒன்றரைத் தெளிப்பில் ஆண்டுப் பங்கு முடிந்தது. செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டேதான் போகும், மட்கிப் போகாது, மண்புழுவுக்கு ஆகாது. 'இயற்கை மருந்துதானே' என்று வாரம் ஒருமுறை அடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அதனால் மருந்தைவிடப் பந்தலைத் திறப்பதுதான் முதல் வைத்தியம். குலையைச் சுற்றின இலையைப் பிஞ்சு நிலையிலேயே கிள்ளி, அடியில் நிழல் திட்டுத்திட்டாக விழும் அளவுக்கு வெளிச்சம் விட வேண்டும். காலைப் பனி ஒன்பது மணிக்குள் காயும் தோட்டத்தில் அரைச் சதக் கலவையே வேலை செய்துவிடும். சார்டொனேயைக் குளிர்நாட்டில் பந்தலில் ஏற்றாமல் வேலிபோல் நிமிர்த்திக் கட்டுவதும் காற்றுக்காகத்தான். அங்கே அதன் தலைவலி சாம்பல் நோய். மழை வேண்டாத நோய் அது. மூட்டமான ஈரப்பதமே போதும். சார்டொனேக்கு அது எளிதில் பிடிக்கும். குலையும் நெருக்கமானது, ஒன்று அழுகினால் பக்கத்துக் காய்க்கும் ஒட்டும். 10–14 நாளைக்கு ஒரு கந்தகத் தெளிப்பு என்பது அங்கே வழக்கம். இங்கே கந்தகம் அடிப்பவர் வெயிலைப் பார்த்து அடிக்க வேண்டும்: லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம், வெப்பம் 32 டிகிரிக்குக் கீழ் இருக்கும் நேரத்தில். சித்திரை வெயிலில் மதியம் அடித்தால் இலை தீய்ந்துவிடும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் வேண்டாம்.

மாவுப்பூச்சிக்கு ஒரு வரி: எறும்பைத் தடுக்காமல் பொறிவண்டு விடாதீர்கள். கொடிக்குப் பத்து ஆஸ்திரேலியப் பொறிவண்டு விட்டாலும் எறும்பு அதைத் துரத்திவிடும். கவாத்தின்போது உரிந்து நிற்கும் பட்டையைச் சுரண்டி எரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சான்றிதழ் பற்றியும் கேட்டார்கள். தேசிய அங்கக (இயற்கை முறை) உற்பத்தித் திட்டத்தில் பல்லாண்டுப் பயிருக்கு மாறுதல் காலம் மூன்று ஆண்டு. இங்கே அதைவிடப் பெரிய சிக்கல் வரப்பு. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு கல்தூண்தான். பக்கத்தார் விசைத்தெளிப்பான் பிடித்தால் புகை இந்தப் பக்கம்தான் வரும். ஓரத்து வரிசைகளைக் கழித்துவிட்டுத்தான் அங்ககக் கணக்கு எழுத முடியும். அரை ஏக்கர் தோட்டத்தில் கழித்தது போக மிஞ்சுவது என்ன?

வியாழன் – கம்பம்மெட்டு

கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கமும் ஏலத்தோட்டத்து ஆட்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். திராட்சைப் பெட்டி ஏற்றின ஜீப்புகள் கேரளம் போகின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தப் பழம் அங்கே வீட்டு வைனுக்கும் போகும். உரிமம் இல்லாமல் வடிப்பது அங்கே அப்காரி (மது) சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஆகவே இன்று சாறு. வைனுக்கு வேண்டியது இனிப்பு மட்டுமல்ல, புளிப்பும். லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதம் ஆல்கஹாலாகும். 22 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) உள்ள சார்டொனே ஏறத்தாழ 12.5–13 சதம் கொடுத்துவிடும். அந்த 22-ஐக் கம்பத்து வெயிலிலும் எட்டலாம். எட்டுகிற நேரத்தில் புளிப்பு கையை விட்டுப் போயிருக்கும். பழத்தில் இரண்டு முக்கிய அமிலம்: டார்டாரிக், மாலிக். இரவு சூடாக இருந்தால் கொடி மாலிக்கை மூச்சிலேயே எரித்துவிடும். கடலோரத்தில் இரவு 10 டிகிரிக்குப் போவதால் அது தங்குகிறது. தங்குவதால்தான் அங்கே இரண்டாம் நொதிப்புக்கு வேலை இருக்கிறது: பாக்டீரியா கூர்மையான மாலிக்கை மென்மையான லாக்டிக் ஆக்கும், ஒரு கிராமுக்கு 0.67 கிராம். பீப்பாய் சார்டொனேயின் வெண்ணெய் வாசம் அந்த வழியில் வருவது. இங்கே விளைந்த பழத்தில் மாற்றுவதற்கு மாலிக்கே மிச்சமிராது. கடையில் வாங்கின டார்டாரிக் அமிலம் சேர்த்துச் சரிக்கட்டலாம். அந்த வைன் வேறு வைன்.

அங்ககம் என்பது இங்கேதான் இறுகுகிறது. வைன் கெடாமல் காப்பது சல்ஃபர் டையாக்ஸைடு. அது எவ்வளவு வேலை செய்யும் என்பது பி.எச். அளவைப் பொறுத்தது. புளிப்பு குறையக் குறைய அந்த எண் ஏறும். காப்பாற்றுகிற மூலக்கூறு வடிவம் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் வேண்டுமென்றால், பி.எச். 3.3-ல் தனி (சாற்றோடு கட்டுப்படாத) சல்ஃபர் டையாக்ஸைடு 26 மில்லிகிராம் போதும். பி.எச். 3.8-ல் அதே பாதுகாப்புக்கு 79. மூன்று மடங்கு! அமெரிக்காவில் 'ஆர்கானிக் வைன்' என்று போட இந்தச் சல்ஃபைட்டைச் சேர்க்கவே கூடாது. 'ஆர்கானிக் திராட்சையில் செய்தது' என்று போட மொத்தம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை. ஐரோப்பாவில் இனிப்பற்ற அங்கக வெள்ளை வைனுக்கு 150, சாதாரணத்துக்கு 200. சேர்க்கிறதில் ஒரு பங்கு சாற்றோடு கட்டுண்டு பயனற்றுப் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். குளிர்ந்த கடற்கரை தோட்டக்காரனுக்குப் பூஞ்சணத் தொல்லை கொடுத்தாலும், ஆலைக்காரனுக்கு விதிக்குள் நிற்கிற வசதியைக் கொடுக்கிறது. கம்பத்துப் பள்ளத்தாக்கில் சார்டொனே வைப்பவர் ஆலையில் தோற்பார். பன்னீர் வைத்து, ஆண்டுக்கு இரண்டு போகத்தோடு நிறுத்தி, நேரடியாக விற்பதுதான் இங்கே அங்ககத்துக்கு உருப்படியான வழி.

வைனுக்குப் போகிற பழம் எதுவானாலும் அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே கந்தகத் தெளிப்பை நிறுத்துங்கள். தோலில் மிஞ்சினால் நொதிக்கும்போது அழுகின முட்டை நாற்றம் வரும்.

வெள்ளி – காந்தளூர்

நெடுங்கண்டம், பூப்பாறை, மூணாறு, மறையூர் வழி. மூணாற்றுத் தேயிலை ஈரத்தைத் தாண்டி மறையூர் இறங்கினதும் சட்டென்று வறட்சி. மலையின் மழைமறைவுப் பக்கம். மேலே ஏறினால் காந்தளூர், கடல்மட்டத்துக்கு சுமார் 1,500 மீட்டர். பூண்டும் ஆப்பிளும் பிளம்ஸும் விளைகிற, வீட்டுக்கு வீடு தமிழ் கேட்கிற ஊர். காந்தளூர்–வட்டவடைப் பூண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கம்பத்தைவிட 1,100 மீட்டர் உயரம் என்றால் 7 டிகிரி குறைவு. கம்பத்தில் சராசரி 27 என்று வைத்தால், கொடி வளர உதவுகிற, 10 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் நாளுக்கு 17. 120 நாளில் 2,040 வெப்ப அலகு. குளிர்ப்பகுதி சார்டொனேயின் முழுப் பருவத்துக்கான மேல்வரம்பு சுமார் 1,390. காந்தளூரில் சராசரி 20 என்றால் நாளுக்கு 10. 1,390-க்கு நாலரை மாதம். கடற்கரையின் ஆறு மாதத்தை எட்டவில்லை, கம்பத்தைவிட எவ்வளவோ மேல். கோடையின் 15 மணிநேரப் பகல் மட்டும் இங்கே கிடைக்காது.

ஆனால் இந்த மலையில் ஜனவரி உறைபனி உண்டு. பள்ளமான வயலில் குளிர்காற்று தேங்கும். புதுத்துளிர் பூஜ்யத்துக்குக் கீழே தாங்காது. சார்டொனேயோ சீக்கிரம் துளிர்க்கிற வகை. பர்கண்டியிலும் வசந்த உறைபனிக்கு முதலில் பலியாவது அதுதான். ஜனவரி கடைசிக்கு முன் கவாத்து வேண்டாம், பள்ளத்து வயலும் வேண்டாம். அப்படி வெட்டினால் நாலரை மாதம் ஜூன் நடுவில் முடியும். அப்போது தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்குள் வந்திருக்கும். மழைமறைவு என்பதால் பெருமழை இல்லை, ஆனால் சாரலும் மூட்டமும் நெருக்கமான குலைக்குப் போதுமான தொல்லை. உறைபனிக்கும் சாரலுக்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளிதான் மொத்த அவகாசம்.

வைத்துப் பார்க்கிறவர் ஒரு ஏக்கர் போட வேண்டாம், 40 கொடி போதும். சரிவில், வரிசை வடக்கு–தெற்காக, 2.5 மீட்டருக்கு 1.2 மீட்டர். 110ஆர் என்ற வகை வேர்ச்செடியில் ஒட்டினது. பந்தல் இல்லை; குலைக்கம்பி தரையிலிருந்து 80–90 சென்டிமீட்டரில், மேலே துளிர் நிமிர இரண்டு ஜோடிக் கம்பி. காலை வெயில் படும் பக்கத்து இலையை மட்டும் காய்ப் பகுதியில் கிள்ளுங்கள். இரண்டு ஆண்டு காய் எடுக்காமல் தண்டை வளருங்கள். மே மாதத்திலிருந்து வாரம் இருமுறை பிரிக்ஸும் பி.எச்.-ம் எழுதி வையுங்கள். பிரிக்ஸ் 20 தாண்டும்போது பி.எச். 3.4-க்குள் நிற்கிறதா என்பது ஒன்றே கேள்வி. நின்றால் ஆலை பற்றிப் பேசலாம். உள்ளூர் விளைபொருளில் சிறு அளவில் பழவைன் செய்ய உரிமம் தரும் விதிகளைக் கேரளம் 2022-ல் கொண்டுவந்திருக்கிறது. நிற்காவிட்டால் 40 கொடியோடு நஷ்டம் முடியும். வேலி மட்டும் கெட்டியாகப் போடுங்கள். காட்டெருமைக்கும் யானைக்கும் இந்தச் சரிவு பழகின பாதை.